கப்பலேறிப் போன அய்யனார்

குலதெய்வத்தை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணம் போனவர்களின் கதை நமக்கு நிறையத் தெரியும். குலதெய்வமே கிளம்பிப் போன கதை இது. 1713ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அய்யனார் கப்பலேறினார். கூடவே எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி. அவர்களுக்கு மேல்தட்டில் சிவனும் திருமாலும் பிரமனும் தத்தம் குடும்பங்களோடு. எல்லோருக்கும் மேலே, உருவம் இல்லாத பராபரவஸ்து. இத்தனை பேரும் போனது ஒரே தாள்கட்டில். எழுதியவர் லூத்தரன் பாதிரியார், எழுதிய மொழி ஜெர்மன், போய்ச்சேர வேண்டிய இடம் ஹாலே என்னும் ஜெர்மானிய நகரம். அங்கே அவர்களை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. முழு உருவத்தோடும் எழுதியவர் பெயரோடும் அச்சேற 154 ஆண்டுகள் ஆயின. அதுவும் ஜெர்மனியில் இல்லை, சென்னையில்.

அந்தக் கட்டின் பெயரைத் தமிழில் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்று சொல்லலாம். மலபார் என்றதும் கேரளத்தைத் தேட வேண்டாம். மேற்குக் கரையில் முதலில் இறங்கிய ஐரோப்பியர் அங்கே பிடித்த பெயரைக் கிழக்குக் கரைக்கும் நீட்டிவிட்டார்கள். அன்றைய ஐரோப்பிய ஏடுகளில் தமிழும் மலபார்தான், தமிழரும் மலபார்தான். ஆக இது தமிழ்நாட்டுச் சாமிகளின் வம்சாவளி. எழுதியவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு.

பள்ளிக்கூடத்தில் சீகன்பால்கு என்றால் அச்சுக்கூடம், தமிழ்ப் புதிய ஏற்பாடு, தரங்கம்பாடி என்று மூன்று சொல்லோடு முடிந்துவிடும். 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புளுட்சோ என்ற தோழரோடு புறப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து சேர்ந்தவர். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கையில் இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய கடற்கரைத் துண்டு. மிளகும் துணியும் வாங்க வந்த கம்பெனிக்காரர்களுக்கு, ஆத்துமா வாங்க வந்த இந்த இருவரையும் துளியும் பிடிக்கவில்லை. 1708 கடைசியில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் சீகன்பால்கை டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்தே வைத்தார்.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தை அவருடைய கடிதமே சொல்கிறது. ஊருக்கு வெளியே நடந்து போகும்போது ஓர் அம்மன் கோயில். சுற்றிலும் சுதையோ மண்ணோ, நிறைய உருவங்கள். பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. சிலவற்றைத் தள்ளி உடைத்தார், சிலவற்றின் தலையைத் தட்டி எடுத்தார். சாமி என்றால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளட்டுமே என்ற பழைய வாதம். அதைப் பார்த்த உள்ளூர் வாத்தியார் ஒருவர் வந்து, ஐயா, நீங்கள் உடைத்தது சாமியை இல்லை, இவர்கள் சாமியின் சேவகர்கள் என்று திருத்தினார்.

இந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. உடைந்த மண்ணுருவங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கோபப்படாமல், பிழை திருத்துகிற வாத்தியார். வந்தவரோ, எல்லாமே விக்கிரகம், எல்லாமே ஒன்று என்று எண்ணிக்கொண்டு வந்தவர். இங்கே எசமான் வேறு, சேவகன் வேறு, காவல்காரன் வேறு என்று முதல் பாடம் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது. பின்னால் அவர் எழுதிய வம்சாவளி முழுக்க இந்த ஒரு திருத்தத்தின் விரிவுரை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழை அவர் கற்ற விதம் எல்லோருக்கும் தெரிந்த கதை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை, எழுபது வயதுக் கிழவரை, பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதினார். வாத்தியாருக்குப் போர்ச்சுக்கீசியம் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. அதற்கு அழகப்பன் வந்தார். டேனியக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷியாக இருந்து வேலை போனவர். போர்ச்சுக்கீசியம், டேனியம், டச்சு, ஜெர்மன் எல்லாம் அவர் வாயில் புழங்கின. பாதிரியாருக்கு உதவியதற்காக அழகப்பன் பட்ட பாடு தனிக்கதை: ஊரை விட்டு விலக்கப்பட்டு, தஞ்சாவூரில் சிறைவாசமும் அனுபவித்தார். வம்சாவளியின் முகப்பில் இருக்கும் பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கைகள் பல.

அந்த நாட்களில் சீகன்பால்கின் தினப்படி இப்படி இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் சொற்களை உருப்போடுவது. பிறகு மதியம்வரை ஏடு வாசிப்பு: பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஓர் எழுத்தர். தெரியாத சொல் வந்தால் புலவர் விளக்குவார், எழுத்தர் குறித்துக்கொள்வார். மாலையில் மறுபடி வாசிப்பு. இருட்டிய பிறகு தம் கண்ணை வருத்தாமல், வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். விளக்கெண்ணெய் வெளிச்சத்தில் பனையோலைக் கீறலைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்வலி புரியும்.

ஏடுகள் எங்கிருந்து வந்தன? விலைக்கு. ஆட்களைப் பல நாள் நடை தூரத்துக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து ஏட்டுச்சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. கணவன் செத்த வீட்டில், பரணில் கிடக்கும் ஓலைக்கட்டைக் கேட்டு வாசலில் ஓர் அந்நிய ஆள். அவள் எந்த விலை சொல்லியிருப்பாள்? அப்படிச் சேர்ந்த நூலகத்துக்கு 1708இல் அவர் ஒரு பட்டியல் போட்டார். அதில் தமிழர் சமய, இலக்கிய நூல்களுக்கு மட்டும் 119 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி அபிப்பிராயம் வேறு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். சிவவாக்கியர் மேல் அவருக்குத் தனி மோகம். கல்லைச் சுற்றுவதைக் கேலி செய்த சித்தர், உருவ வழிபாட்டை எதிர்க்க வந்த பாதிரியாருக்குக் கிடைத்த உள்ளூர்ச் சாட்சி.

இத்தனை படித்த பிறகு அவர் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொண்டார். இங்கே வரும்போது இவர்கள் கல்வியோ ஒழுங்கோ இல்லாத கூட்டம் என்று நினைத்திருந்தேன், மொழி தெரிந்த பிறகு அந்த எண்ணம் கழன்றது என்ற பொருளில் எழுதினார். 1711இல் 'மலபார் அஞ்ஞானம்' என்று ஒரு பெரிய நூலை முடித்தார். தலைப்பு கடுமை, உள்ளே இருப்பது கவனம். உலகத்து மதங்களை யூதம், கிறித்தவம், இஸ்லாம், அஞ்ஞானம் என்று நான்கு பெட்டியில் போடுவது அன்றைய ஐரோப்பிய வழக்கம். நான்காவது பெட்டி குப்பைத்தொட்டி மாதிரி. மற்ற மூன்றிலும் சேராததெல்லாம் அதில். சீகன்பால்கும் அந்தப் பெட்டியோடுதான் வந்தார். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தார். சிவசமயம் ஒன்று, விஷ்ணு சமயம் ஒன்று, அவற்றுக்குள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள். 'இந்து மதம்' என்ற ஒற்றைக் குடை அப்போது இன்னும் விரியவில்லை. அவர் பார்த்தது கேட்டது எல்லாம் தமிழ் மண்ணின் சமயங்கள், எழுதியதும் அவற்றை.

அடுத்து அவரும் இன்னொரு மிஷனரியான குருண்ட்லரும் செய்ததுதான், என் பார்வையில், இந்த முழுக் கதையின் திருகாணி. 1712 முதல் 1714 வரை தமிழ் அறிந்தோருக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பி, ஓலையில் பதில் வாங்கினார்கள். சிருஷ்டி எப்படி நடந்தது, ஆத்துமா எங்கே போகிறது, பாவம் எது, நோன்பு எதற்கு, எங்கள் வேதத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள். வந்த பதில்களில் 99 ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. பதில் எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை. பல கடிதங்களில் அழகப்பனின் கை இருப்பதாகப் பின்னாள் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தப் பதில்கள் பணிந்து எழுதியவை இல்லை. நீங்கள் மாட்டை அடித்துத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சரியாகக் குளிப்பதில்லை, இப்படி நடப்பவர்களின் மார்க்கத்தில் நாங்கள் எதைப் பார்த்துச் சேர்வது என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்கப் போனவரைக் கேள்வி கேட்டு அனுப்புகிற சாமர்த்தியம். இன்றைக்கு மதங்களைப் பற்றிப் படிக்கும் பல்கலைக்கழகத் துறைகளில், ஒரு சமயத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடி பதிவு செய்வது அடிப்படை ஒழுக்கம். அந்தத் துறைகள் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் தரங்கம்பாடியில் தபாலில் இது நடந்திருக்கிறது. மதம் மாற்றும் நோக்கத்தோடுதான், சந்தேகமில்லை. நோக்கம் எதுவானாலும் ஓலை ஓலைதானே.

இந்தக் கடிதங்களிலிருந்து நீளநீளமாக எடுத்துக் கோத்துத்தான் 1713இல் வம்சாவளியை எழுதினார். அதே ஆண்டு அவருடைய அச்சுக்கூடத்துக்கு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகளில் ஏறிய முதல் வேலைகளில் ஒன்று 'அக்கியானத்தை'ச் சாடும் சிறுநூல். பகலில் அக்கியானம் அருவருப்பு என்று அச்சுக் கோக்க வைத்து, மேசையில் அதே அக்கியானத்தின் குடும்ப மரத்தைக் கிளை கிளையாக, இலை இலையாக எழுதிக்கொண்டிருந்தவர். இதை இரட்டை வேடம் என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளை எதிர்க்க வேண்டுமானால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தொடங்கி, தெரிந்துகொள்ளும் வேலையிலேயே ஆசை விழுந்துவிட்ட ஆட்களை எல்லாத் துறையிலும் பார்க்கலாம்.

வம்சாவளி நான்கு பாகம். முதலாவது பராபரவஸ்து. பெயரும் உருவும் இல்லாத ஒன்று எல்லாவற்றுக்கும் மூலம் என்று இவர்கள் சொல்கிறார்கள் என்பதை முதலிலேயே வைத்தார்; ஐரோப்பாவில் இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு அது முதல் அடி. பராபரம் என்ற சொல்லின் பயணம் வேறு ஒரு சுவாரசியம். தாயுமானவர் கண்ணிகளாய்ப் பாடிய அதே பராபரம், பின்னாளில் பப்ரீசியஸ் செய்த தமிழ் விவிலியத்தில் கடவுளுக்குப் பெயராகப் பராபரன் என்று உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் பாகம் மும்மூர்த்திகள்: ஈசுவரன், அவன் தேவியர், பிள்ளையார், சுப்பிரமணியர், விஷ்ணு, அவதாரங்கள், இலட்சுமி, பிரமன், சரசுவதி. நான்காம் பாகத்தில் தேவேந்திரன் தொடங்கி முப்பத்து முக்கோடி தேவர்கள், நாற்பத்தெண்ணாயிரம் ரிஷிகள், கின்னரர், கிம்புருடர். இவற்றையெல்லாம் புராணம் படித்த எவரிடமும் கேட்டு எழுதிவிடலாம்.

மூன்றாம் பாகம்தான் பொக்கிஷம். கிராம தேவதைகள். அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி, சாமுண்டி, துர்க்கை, பிறகு பேய் பூதங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒழுங்கில் விவரம்: உருவம் எப்படி இருக்கும், நிறம் என்ன, கையில் என்ன, கோயில் எங்கே இருக்கும், யார் பூசை செய்வது, என்ன படையல், எப்போது திருவிழா, எந்தக் கதை. அய்யனார் ஊருக்கு வெளியே, குளக்கரையோ தோப்போ பார்த்து இருப்பார். இரண்டு பக்கமும் பூரணை, புட்கலை. முன்னால் நேர்த்திக்கடனாக வந்து நின்ற மண்குதிரைகள், யானைகள். இந்தத் தேவதைகளுக்கு வேலை, ஊரைப் பேய் பூதங்களிடமிருந்து காப்பது. அந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்தவன் ஈசுவரன். எசமான், சேவகன், காவல்காரன். அன்றைக்கு அம்மன் கோயிலில் வாத்தியார் சொன்ன பாடம் இங்கே அத்தியாயமாகிவிட்டது. உருவத்தின் தலையைத் தட்டி எடுத்தவர், ஏழு ஆண்டு கழித்து அந்த உருவத்தின் மீசையையும் ஆயுதத்தையும் நிறத்தையும் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

நம் சமயங்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் நூல் இது என்று சொல்ல முடியாது. பழவேற்காட்டிலிருந்த டச்சுப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜர் எழுதியது 1651இலேயே லெய்டனில் வெளிவந்து ஐரோப்பா முழுக்க வாசிக்கப்பட்டது. ரோஜருக்குச் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். ஆகவே அது பெரும்பாலும் அக்கிரகாரத்து வாசலிலிருந்து பார்த்த உலகம். சீகன்பால்கின் மூன்றாம் பாகம் ஊர்க்கோடிக்குப் போனது. பூசாரியும் பண்டாரமும் இருக்கும் இடம் அது, பிராமணர் பூசைக்கு வராத இடம்.

கட்டு ஹாலே போய்ச் சேர்ந்தது. அங்கே பெரிய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் நடத்தி, தரங்கம்பாடிப் பணிக்கு ஐரோப்பாவில் முதுகெலும்பாக நின்றவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. மிஷனரிகளின் அறிக்கைகளையெல்லாம் தொடர்ந்து அச்சிட்டவர் அவர்தான். வம்சாவளியை அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது இந்தியாவில் அஞ்ஞானத்தை வேரோடு பிடுங்கத்தானே தவிர, அஞ்ஞான மடமையை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் சொன்னதாக வழிவழியாக வரும் காரணம். கோபம் வந்தாலும் அவர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. அனாதை இல்லமும் மிஷனும் பக்தர்கள் தந்த காணிக்கையில் ஓடுபவை. காணிக்கை கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற கணக்கை. அங்காளம்மனுக்கு எத்தனை கை என்ற கணக்கை இல்லை.

சீகன்பால்கு 1714இல் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழரையும் கூட அழைத்துப் போனார். ஹாலேயில் தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் 1716இல் அச்சிட்டார். இலக்கணத்துக்கு வழி திறந்தது, சாமிகளுக்குத் திறக்கவில்லை. திரும்பி வந்து 1719 பிப்ரவரியில், 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்.

பூட்டி வைத்தாலும் சத்தம் வெளியே கசியத்தான் செய்தது. பெர்லினில் அரசவை நூலகராக இருந்த லா குரோஸ், சீகன்பால்கின் 1711ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியைப் பயன்படுத்தி, 1724இல் இந்தியக் கிறித்தவம் பற்றிய தம் பிரெஞ்சு நூலில் நம் சமயங்களுக்கு நீண்ட பகுதி ஒதுக்கினார். வம்சாவளிக்கு நடந்தது இன்னும் விநோதம். 1791இல் பெர்லினில் அதன் ஒரு வடிவம், எழுதியவர் யார் என்றே சொல்லாமல், வேறு தலைப்பில் வெளிவந்தது. ஓலை கொடுத்தவர்களின் பெயர் கடிதத் தொகுப்பில் மறைந்தது. அதைக் கோத்தவரின் பெயர் இங்கே மறைந்தது. கணக்கு நேராயிற்று என்று அழகப்பன் சிரித்திருப்பார்.

பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பழைய மிஷனின் சொத்தும் பொறுப்பும் லைப்சிக் மிஷனிடம் வந்தன. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ்நாட்டில் சுற்றி, குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். தமிழ் படிப்பது அந்த மிஷனில் கௌரவமாகிவிட்ட காலம். அந்த மிஷனைச் சேர்ந்த வில்ஹெல்ம் கெர்மான், வம்சாவளியை எடுத்துப் பதிப்பித்து 1867இல் சென்னையில் அச்சிட்டார். ஜெர்மன் மொழியில், சென்னையில்! வாங்கிப் படித்திருக்கக்கூடியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அடுத்த இரண்டாண்டில், 1869இல், மெட்ஸ்கர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, தாமும் கொஞ்சம் சேர்த்து, ஹிக்கின்பாதம்ஸ் வெளியீடாகக் கொண்டுவந்தார். அய்யனார் 156 ஆண்டு கழித்து மவுண்ட் ரோட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். தமிழில் கிளம்பி, ஜெர்மனாகிப் போய், ஆங்கிலமாகித் திரும்பி வந்த சாமி.

மெட்ஸ்கர் பதிப்புக்கு அடுத்த ஆண்டு, 1870இல், லண்டனில் மாக்ஸ் முல்லர் 'மதங்களின் அறிவியல்' என்ற பெயரில் சொற்பொழிவு நிகழ்த்தினார். 1873இல் அது நூலாயிற்று. அதே ஆண்டு ஜெனீவாவிலும், 1877இல் லெய்டனிலும் மதங்களின் வரலாற்றுக்குப் பல்கலைக்கழக இருக்கைகள் வந்தன. ஒரு மதத்தைப் பற்றிப் பேச அந்த மதத்தை நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் என்ற படிப்பு இப்படித்தான் நிலைகொண்டது. ஆனால் அந்தப் படிப்பு நம் பக்கம் திரும்பியபோது முதலில் கையில் எடுத்தது வேதத்தை. முல்லர் ரிக்வேதத்தை ஆறு தொகுதியாக அச்சிட்டவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பழைய நூல் எதுவோ அதுவே உண்மையான மதம், ஊர்க்கோடியில் நடப்பது பிற்காலச் சீர்கேடு என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் நூலகங்களில் ஊறியிருந்தது. மண்குதிரைக்கு ஏடு இல்லையே, யார் தேடுவார்கள்? சென்னை பிஷப் ஒயிட்ஹெட், தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி நூல் கொண்டுவந்தது 1916இல். சீகன்பால்கின் மூன்றாம் பாகம் எழுதப்பட்டு 203 ஆண்டு ஆகியிருந்தது.

1711ஆம் ஆண்டு நூலுக்கு இன்னும் தாமதம். வில்லெம் காலண்ட் என்ற டச்சு சமஸ்கிருத அறிஞர் 1926இல் ஆம்ஸ்டர்டாமில் பதிப்பித்தார். கெர்மான் தம் பதிப்பில் அங்கங்கே கை வைத்திருந்ததால், 1713இல் எழுதியபடியே வம்சாவளியைப் படிக்க 2003வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் தமிழ்நாட்டுக்காரரான டேனியல் ஜெயராஜ். ஜெர்மன் மூலம் ஹாலேயிலேயே வெளிவந்தது, 2005இல் ஆங்கிலமும். பிராங்கே வேண்டாம் என்று ஒதுக்கியதை அதே ஊர் அச்சிட்டது, ஒரு தமிழர் கையால்.

போன வருடம் ஆடி மாதம் மெட்ஸ்கர் பதிப்பின் மூன்றாம் பாகத்தை நகல் எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிப் பக்கம் போனேன். ஆலயத்தைப் பார்த்துவிட்டு, பொறையாறு தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் அய்யனார் கோயில். வாசலில் இரண்டு பெரிய சிமென்ட் குதிரை, எனாமல் பெயின்ட் பளபளக்க. அவற்றின் காலடியில் பழைய மண்குதிரைகள், மூக்கு உடைந்தும் காது போயும், வேப்பஞ்சருகுக்குள் பாதி புதைந்து. பூசாரி அறுபது வயதிருக்கும். விவரம் சொன்னேன். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் உங்கள் சாமியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றேன்.

"படிங்க, கேப்போம்" என்று திண்ணையில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

தமிழாக்கி ஆக்கிச் சொன்னேன். ஊருக்கு வெளியே கோயில், தலையாட்டினார். பூரணை, புட்கலை, தலையாட்டினார். ராத்திரியில் குதிரையேறிக் காவல் சுற்றுவது, "ஆமா, வேட்டைக்குப் போவாரு." இந்தத் தேவதைகளுக்கு ஆடும் சேவலும் பன்றியும் பலி என்று வந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"அது தப்புங்க. அய்யனாரு சைவம். பொங்கலு, தேங்கா, பழம், அவ்வளவுதான். கெடா வெட்டுறது கருப்பனுக்கு. வெட்டுறப்ப அய்யனாருக்கு முன்னால திரைய இழுத்து விட்டுடுவோம், அவரு பாக்கக் கூடாது." எழுந்துபோய்த் திரை கட்டும் ஆணிகளைக் காட்டினார். பிறகு என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்து, "ஓரத்துல எடம் இருக்கே, எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.